போனில் ஊற்றிய தண்ணீர்

1

இந்த அக்டோபரோடு நான் பிரான்சுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். வெளியூரில் இருக்கிறவர்கள் எங்கள் ஊர்ச் சர்ச்சின் பங்குத் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் ஆறாவது வரை படித்தவன். மரக்காணம் உப்பளத்தில் பதினான்கு வருடம் வேலை செய்தவன். பெரிய விஷயம் எதுவும் எனக்குத் தெரியாது. விதை போட்ட கதை ஒன்று இருக்கிறது. என் தங்கை பிலோமினாவும் அதில் வருகிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் காய்கறி வைக்கிற கீழ்ப்பெட்டியில் காய்கறி இல்லை. ஐஸ்கிரீம் டப்பாக்கள் ஏழு இருக்கின்றன. உள்ளே ஈர மணல். மணலுக்குள் விதைகள். காட்டுச் செர்ரி, காட்டுப் பேரி, அப்புறம் நெஃப்ல் என்று ஒரு பழம். அது சப்போட்டா நிறத்தில் சின்னதாக இருக்கும், மரத்தில் கல் மாதிரி இருக்கும், வைக்கோலில் போட்டு அழுகுகிற பதத்துக்கு வந்த பிறகுதான் தின்ன முடியும். டப்பா மேலே தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன்.

என் மனைவி லூர்து முதல் வருடம் சத்தம் போட்டாள். இப்போது போடுவதில்லை. கடைக்குப் போய் வந்ததும் கேட்பாள்.

"ஏங்க, உங்க மார்ச்சுவரியில கொஞ்சம் எடம் இருக்கா? கொத்தமல்லி வெக்கணும்."

2

நகராட்சியில் எனக்கு வேலை. முதல் பதினோரு வருடம் புல் வெட்டினேன். பிறகு நாற்றங்காலுக்கு மாற்றினார்கள். வருடா வருடம் பூச்செடி வாங்கி நட்டு, வாடியதும் பிடுங்கிப் போடுவதை எங்கள் ஊர் நகராட்சி விட்டுவிட்டது. அந்த இடத்தில் எல்லாம் பழ மரம், காட்டுப் புதர், ஒரு தடவை போட்டால் பத்து வருடம் நிற்கிற கீரை வகை. போகிற வருகிறவர்கள் பறித்துக்கொள்ளலாம். எல்லாம் விதையிலிருந்து வளர்க்க வேண்டும். ஒட்டுச் செடி வாங்கினால் எல்லாம் ஒரே ரகம், ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும். விதையில் வந்தால் ஒன்று போல ஒன்று இருக்காது. அதுதான் வேண்டும் என்கிறார்கள்.

இங்கே என் பெயர் அருளப்பன். அது என் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் எது முன்னே எது பின்னே என்று எழுதினவனுக்குத் தெரியவில்லை, எழுதிக் கொடுத்த எனக்கும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக என்னை என் அப்பா பெயரில் கூப்பிடுகிறார்கள். முசியே அருளப்பன், இங்கே வா. முசியே அருளப்பன், இதைத் தூக்கு. முதலில் சங்கடமாக இருந்தது. இப்போது சவரிமுத்து என்று யாராவது கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகிறது.

பிரெஞ்சில் எனக்கு வினைச்சொல்லை மாற்றத் தெரியாது. நான் வெட்டு. நான் நடு. நேற்று நடு, நாளை நடு. நாற்றங்கால் பொறுப்பில் இருக்கிற மதாமுக்கு அது போதும். செடிக்கும் போதும்.

நாற்றங்காலுக்குப் போன முதல் வருடம் கஷ்கொட்டை பொறுக்கி வரச் சொன்னார்கள். இங்கே பூங்காவில் கொட்டிக் கிடக்கும், மேலே முள் இருக்கும். ஒரு சாக்கு பொறுக்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஹீட்டர் மேல் பரப்பிக் காயவைத்தேன். அடுப்புச் சாம்பல் இங்கே கிடைக்காது. பக்கத்துத் தெருவில் கறி சுடுகிற கடையில் கேட்டு வாங்கி, சாம்பலில் புரட்டி டின்னில் போட்டு மூடி வைத்தேன். அவரை விதை, பூசணி விதை எல்லாம் ஊரில் அப்படித்தான் வைப்போம். வசந்த காலத்தில் நானூறு கொட்டை நட்டேன். ஒன்றுகூட வரவில்லை.

மதாம் திட்டவில்லை. ஒரு கொட்டையை எடுத்துக் கையால் உடைத்தார். மாவாக உதிர்ந்தது. இந்த நாட்டுக் கொட்டைகளைக் காயவிடக் கூடாது, ஈர மணலில், குளிரில் வைக்க வேண்டும், குளிர்காலம் ஒன்று போனதாக அதை நம்ப வைக்க வேண்டும், அப்போதுதான் முளைக்கும் என்றார். அடுத்த வருடம் அப்படிச் செய்தேன். முந்நூறுக்கு மேல் வந்தது. அதோடு எனக்கு விதையைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

3

மரக்காணத்தில் எங்களுக்கு நாற்பது சென்ட் இருக்கிறது. எனக்கும் பிலோமினாவுக்கும் பொது. கிழக்கே மணல் மேடு. மேற்கே உப்பளம். மணல் பக்கம் ஆள் உயரத்துக்குத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஆசைப்பட்டு இன்னும் இரண்டு முழம் தோண்டினால் உப்பு வந்துவிடும். பிறகு அந்தக் குழியை மூட வேண்டியதுதான். அதனால் எங்கள் பக்கம் கிணறு கிடையாது. குழிதான். குடத்தால் மொண்டு ஊற்ற வேண்டியதுதான்.

நான் இங்கே வந்தது லூர்துவைக் கட்டியதால். அவள் அப்பா பாண்டிச்சேரி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், குடும்பத்துக்கே இந்த நாட்டுப் பேப்பர் இருந்தது. என்னை ஊரில் கார்டு மாப்பிள்ளை என்றார்கள். நான் போன பிறகு பிலோமினா அந்த நிலத்தில் ஒரு பக்கம் வேர்க்கடலை போட்டாள், மற்றது சும்மா கிடந்தது. எட்டு வருடம் முன்னால் அவள் வீட்டுக்காரர் தவறிவிட்டார். மகன் சென்னைப் பக்கம் கம்பெனி வேலை. அவள் இன்னும் உப்பளத்துக்குத்தான் போகிறாள்.

மூன்று வருடம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வழக்கம் போலப் பேசும்போது சொன்னாள். பக்கத்தில் இறால் குட்டை வைத்திருப்பவர் நம்ம நிலத்தைக் கேட்கிறார், விலைக்கோ குத்தகைக்கோ, எதுவானாலும் சரி என்கிறார். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். நான் உடனே வேண்டாம் என்றேன். உப்புத் தண்ணி தேக்கினால் மண் அதோடு போச்சு என்றேன். மரம் வைப்போம் என்றேன். நம்ம பக்கத்துப் பழமாக வைப்போம், நாவல், பாலை, களா, காரை, எல்லாம் விதையில் இருந்து, நான் சொல்கிறேன் நீ செய் என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"சரிண்ணா" என்றாள்.

4

ஊரில் ஆனி மாதம் நாவலும் பாலையும் பழுக்கிற காலம். பிலோமினா பெருமுக்கல் பக்கம் பஸ்ஸில் போய் மலையடியில் களாவும் காரையும் பறித்து வந்தாள். பாலைப் பழம் இப்போது கிடைப்பது கஷ்டம். இரண்டு மூன்று கோயில் காட்டில்தான் மரம் இருக்கிறது. அங்கேயும் போய் மரத்தடியில் பொறுக்கினாள். கூடை கூடையாகப் போட்டோ வந்தது. எனக்குச் சந்தோஷம்.

நான் சொன்னேன், பழத்தைப் பிசைந்து விதையைக் கழுவு, ஈர மணலில் வை, டப்பாவை ஃபிரிட்ஜில் வை, ஆறு வாரம் கழித்து எடுத்து நடு. அவளிடம் சின்ன ஃபிரிட்ஜ் இருந்தது. முன்பு ஒரு தடவை ஊருக்குப் போனபோது நான் வாங்கிக் கொடுத்தது.

"அதுக்குக் குளுருமேண்ணா" என்றாள்.

குளிரத்தான் வைக்கிறோம் என்றேன். கஷ்கொட்டைக் கதையைச் சொன்னேன். முந்நூறு வந்ததைச் சொன்னேன். அவள் மறுபடியும் சரி என்றாள்.

ஆறு வாரம் கழித்து எழுநூறு கவரில் மண் நிரப்பி நட்டாள். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். தினமும் கேட்பேன். இன்னும் இல்லண்ணா. இன்னும் இல்லண்ணா. ஒரு நாள் ஒரு விதையைத் தோண்டிப் பார்க்கச் சொன்னேன். கறுத்து, ஊறிப்போய், நசுக்கினால் நாற்றம் அடிக்கிறது என்றாள். எழுநூறும் அப்படித்தான்.

நாவல் விதை பனியையே கண்டது இல்லை. பழம் விழுந்த சூட்டோடு மண்ணுக்குள் போக வேண்டிய விதை அது. மரக்காணத்தில் பிறந்து வளர்ந்தவன் எவனுக்கும் இது தெரியும். நாவல் மரத்தடியில் மழை பெய்த பத்தாம் நாள் பாய் விரித்த மாதிரி முளைத்து நிற்பதை நானே மிதித்து நடந்திருக்கிறேன். வெள்ளைக்கார விதைக்குச் சொன்னதை அதற்குச் செய்தேன். வெளிநாட்டில் ரொம்ப நாள் இருந்தவன்தான் இந்தத் தப்பைச் செய்வான்.

பிலோமினா அந்த மண்ணைக் கொட்டிவிட்டுக் கவரை மட்டும் கழுவி எடுத்து வைத்தாள்.

5

அடுத்த வருடம் பழம் பழுத்த அன்றே நடச் சொன்னேன். வந்தது. நாவல் எண்பது சதம் வந்தது. பாலை மெதுவாக, காதில் போடுகிற தோடு மாதிரி இரண்டு இலை காட்டியது. மழைக்கு முன்னால் நூற்றிருபது குழி எடுத்து வரிசையாக நட்டாள். வரிசை நேராக இருக்க வேண்டும் என்று கயிறு கட்டச் சொன்னேன். கட்டினாள்.

வடகிழக்கு மழை நன்றாகப் பெய்தது. போட்டோ பார்ப்பேன். நாற்றங்காலில் கூட வேலை செய்பவர்களுக்குக் காட்டுவேன். மோன் பெயி, மோன் ஃபொரே என்று என் பிரெஞ்சில் சொல்வேன். என் நாடு, என் காடு. அவர்கள் தோளில் தட்டுவார்கள்.

தை பிறந்தது. மழை நின்றது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கன்றுக்கு ஒரு குடம் ஊற்றச் சொன்னேன். மூன்று கோடை தாண்டிவிட்டால் பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும் என்றேன். அதுவும் சரி என்றாள்.

ஒன்று எழுத வேண்டும். செடிக்குத் தண்ணீர் தேவைப்படுகிற மாதம் எதுவோ அதுதான் உப்பு விளைகிற மாதம். தையில் பாத்தி மிதித்து, மாசியில் தண்ணி கட்டி, வெயில் ஏற ஏற உப்பு வாருவது. விடியுமுன் இறங்கினால் பத்து மணிக்கு ஏறலாம். ஏறும்போது காலில் இருந்து முட்டி வரை வெள்ளையாக இருக்கும். பதினான்கு வருடம் அந்தப் பாத்தியை நான் மிதித்தவன். எனக்குத் தெரியாதது இல்லை. மறந்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. நினைக்கவில்லை. அவ்வளவுதான்.

6

என் மகள் செலினுக்கு இருபத்தொரு வயது. இங்கேயே பிறந்தவள். நர்சுக்குப் படிக்கிறாள். தமிழ் சொன்னால் புரியும். பேச ஆரம்பித்தால் பாதியில் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவாள். பூசைக்கு எங்களோடு வருவதை நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிறு தூங்கினாள், அடுத்த ஞாயிறும் தூங்கினாள். நானும் லூர்துவும் கோட்டை மாட்டிக்கொண்டு சத்தம் இல்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போவோம்.

இந்த ஏப்ரலில் அவளாகவே ஊருக்குப் போகிறேன் என்றாள். மூன்று வாரம் லீவு இருந்தது. எனக்கு ஆச்சரியம். அத்தை வீட்டில்தான் தங்குவேன் என்றாள். நான் ஒரு வேலை கொடுத்தேன். நூற்றிருபது கன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து வா.

திரும்பி வந்த அன்று சமையல்கட்டில் உட்கார்ந்தோம். லூர்து மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் போனை வாங்கிப் பார்த்தேன். செடி மூன்று போட்டோவில்தான் இருந்தது. மற்றது எல்லாம் குடம். தோள். சும்மாடு. ஒரு பாதம், அடியில் இருந்து எடுத்தது. குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பாக இருந்தது. உப்புப் புண் அப்படித்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. இங்கே வந்து மூன்றாம் வருடம்தான் மூடியது.

"செடி எப்படி இருக்குது?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"செடி நல்லா இருக்கு. அத்தை நல்லா இல்ல" என்றாள்.

அவள் கூடவே போய் எண்ணியிருக்கிறாள். ஒரு நாளைக்கு அறுபது குடம். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. முப்பது நடை. உப்பில் இருந்து ஏறி, காலைக் கழுவி, சாப்பிடுவதற்கு முன்னால். வெயில் உச்சிக்கு வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பதற்காக ஓடுகிறாள் என்றாள். முட்டி இரண்டும் வீங்கியிருக்கிறது என்றாள். அது எந்த வகை வீக்கம் என்று பிரெஞ்சில் ஒரு பெயர் சொன்னாள். எனக்குப் புரியவில்லை.

பிறகு மறுபடியும் தமிழுக்கு வந்தாள்.

"உன் மரத்துக்கு அத்தை தண்ணி தூக்குது. நீ இங்க இருந்து போன்ல ஊத்துற."

மூன்று வாரம் அத்தையோடு இருந்ததில் அவள் தமிழ் திருந்தியிருந்தது. அதனால் முழுதாகச் சொல்லிவிட்டாள். லூர்து அடுப்பைச் சின்னதாக்கினாள். மீன் கொஞ்சம் கருகிவிட்டது. அதைத்தான் சாப்பிட்டோம்.

7

இரண்டு நாள் யோசித்தேன். விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். என் பங்குக்குப் பிலோமினா பெயரில் பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் அவளே விற்றுக்கொள்ளலாம். தண்ணீர் தூக்குகிற வேலை அதோடு முடியும். லூர்துவிடம் சொன்னேன். தலையாட்டினாள்.

பவருக்கு இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ரயிலில் இரண்டரை மணி நேரம் பாரிசுக்கு. ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் பட்டாவையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பட்டாவில் அருளப்பன் மகன் சவரிமுத்து. பாஸ்போர்ட்டில் ஆள் பெயர் சவரிமுத்து, குடும்பப் பெயர் அருளப்பன்.

"இதுல நீங்க யாருங்க?" என்றான்.

ரெண்டுமே நான்தான் என்றேன். அது பத்தாது, ரெண்டும் ஒரே ஆள்தான் என்று தனியாக ஒரு பேப்பர் வேண்டும் என்றான். மூன்று வாரம் கழித்து அந்தப் பேப்பரோடு மறுபடியும் போனேன். நான்தான் நான் என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். முத்திரை விழுந்தது. இதை ஊரில் மூன்று மாதத்துக்குள் பத்திர ஆபீசில் காட்டிப் பதிய வேண்டும் என்றார்கள்.

தபாலில் அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். லூர்து வேண்டாம் என்றாள். நீங்களே போய்க் கையில் குடுங்க என்றாள். ஆகஸ்டு லீவில் கிளம்பினேன்.

8

ஊருக்குப் போன மறுநாள் காலை நிலத்துக்குப் போனோம். பிலோமினா முன்னால் நடந்தாள். வலது காலை லேசாக இழுத்துத்தான் வைத்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் வேகமாக நடந்தாள்.

என் நூற்றிருபதில் எழுபத்தொன்று உயிரோடு இருந்தது. கயிறு கட்டிய வரிசையில் இடையிடையே காலிக் குழிகள். நாவல் இடுப்பளவு வந்திருந்தது. பாலை ஒரு சாண்தான்.

சுற்றிலும் கரை மேல் வேறு ஏதோ பச்சையாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். இலந்தை. காரை. சூரை. இரண்டு இடத்தில் களா. முட்டிக்கு மேல் வளர்ந்து முள்ளோடு முள் பின்னிக்கொண்டு நின்றது. வரிசை இல்லை. ஒரு இடத்தில் நெருக்கம், ஒரு இடத்தில் வெட்டவெளி. தண்ணீர்க் குழிப் பக்கம் அகத்தி, முருங்கை, தவசிக்கீரை. அகத்தி மேல் கோவைக் கொடி ஏறிக் காய்த்திருந்தது.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை. போட்டோவிலும் வந்ததில்லை.

எங்கே இருந்து விதை என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அஞ்சலை ஆட்டுப்பட்டியைக் கூட்டுகிறபோது வாங்கி வந்தது என்றாள். ஆடு இலந்தையைத் தின்றுவிட்டு ராத்திரி பட்டியில் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பும். புழுக்கையோடு கூட்டிய குப்பையை மழைக்கு முன்னால் கரை மேல் வீசியிருக்கிறாள். மற்றது பனை மரத்தடி மண். மைனாவும் குயிலும் பனையில் உட்கார்ந்து போட்ட எச்சத்தில் காரை, சூரை, கோவை எல்லா விதையும் இருக்கும். அந்த மண்ணையும் சுரண்டி வந்து வீசியிருக்கிறாள். எழுநூறு கவர் செத்த வருடமே இதைச் செய்திருக்கிறாள்.

தண்ணீர் ஊற்றினாயா என்றேன். கரைக்கு எவளாவது தண்ணி ஊத்துவாளா என்றாள்.

பையில் இருந்து பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். இனிமேல் தண்ணீர் தூக்க வேண்டாம், இறால்காரருக்கே கொடுத்துவிடு, என் கையெழுத்து இதில் இருக்கிறது என்றேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.

அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினாள். முத்திரையைப் பார்த்தாள். மடித்தாள்.

"மரம் வைன்னு சொன்ன, வெச்சேன். ஐஸ் பொட்டியில போடுன்னு சொன்ன, போட்டேன். கயிறு கட்டுன்னு சொன்ன, கட்டுனேன். இப்ப விக்கச் சொல்ற. என்னை எப்பண்ணா கேட்ட?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. உப்புக்குப் போகும்போது கூலி எவ்வளவு என்று கேட்கிற குரல்தான். நான் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று வருடம் முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை இறால்காரர் கேட்கிறார் என்று சொல்லிவிட்டு நிறுத்தினாளே, அது நான் கேட்பதற்காக விட்ட இடம். நான் அதில் நாவலையும் பாலையும் போட்டு நிரப்பினேன்.

"இப்பக் கேக்குறேன்" என்றேன்.

"இப்பவா? அடுப்புல கொழம்ப வெச்சிட்டு வந்துகிறேன். அப்பறம் சொல்றேன்" என்று நடந்துவிட்டாள்.

9

அப்புறம் என்பது ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் நான் தண்ணீர் தூக்கினேன், மிச்சம் இருந்த கன்றுக்கும் கீரைக்கும் சேர்த்து அதே முப்பது நடை. தலையில் வைக்கப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. இரண்டு கையிலும் தூக்கினேன். மணலில் கால் புதைந்து, குடம் தளும்பி, கன்றுக்குப் போய்ச் சேர்கிறபோது முக்கால் குடம்தான் இருக்கும். முதல் நாள் பதினேழு நடையில் உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலை ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது கரையில் நின்று பார்த்தாள்.

"ஏ பிலோமி, உங்க பாரீஸ்காரரு தண்ணி தூக்கறாரு. அங்க இதுக்கெல்லாம் மெஷின்னு சொன்னாங்க?"

"மிஷினு இவருதான்" என்றாள் பிலோமினா.

நான் இருப்பது பாரீஸ் இல்லை. சொல்லிப் பயன் இல்லை. நாலாம் நாள் முப்பது நடையும் முடித்தேன். அன்று சோற்றுக்கு உட்கார முடியவில்லை, நின்றுகொண்டு சாப்பிட்டேன். அவள் சிரித்தாள். பிறகு முட்டிக்குத் தடவுகிற தைலத்தை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

ஆறாம் நாள் பத்திர ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த எழுத்தர் என்னையும் பேப்பரையும் பார்த்தார். நேர்லயே வந்திருக்கீங்க, அப்பறம் பவர் எதுக்குங்க என்றார். நான் திரும்பிப் போய்விடுவேன் என்றேன். அதுவும் சரி என்று முத்திரை குத்தினார்.

பஸ்ஸில் வரும்போது பிலோமினா அந்தப் பேப்பரை மடியில் வைத்திருந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். இந்தப் பேப்பர் இருந்தால் நான் விற்கவும் விற்கலாம், வைத்துக்கொள்ளவும் வைத்துக்கொள்ளலாம், அப்படித்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உன்னைக் கேட்க வேண்டியது இல்லை, அப்படித்தானே என்றாள். வேண்டியதில்லை என்றேன்.

விற்பாயா என்று வாய் வரை வந்தது. கேட்டால் அது பழைய கேள்விதான். கேட்கவில்லை. கூனிமேடு தாண்டி டிக்கெட் கேட்டு வந்தார்கள். அவளே எடுத்தாள்.

10

வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பேசுகிறோம். இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது கால் எப்படி இருக்கிறது. செலினும் தனியாகப் பேசுகிறாள். முட்டிக்கு என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று வீடியோவில் காட்டுகிறாள். அத்தை அதைச் செய்வதில்லை என்று என்னிடம் புகார் சொல்கிறாள், தமிழில்.

நிலத்தைப் பற்றி அவள் சொன்னால் கேட்டுக்கொள்வேன். நானாகக் கேட்பதில்லை. சுலபமாக இல்லை. வேலையில் மண்ணைத் தொடும்போதெல்லாம் இதை அங்கே இப்படிச் செய்யலாமே என்று தோன்றும். வாயை மூடிக்கொள்கிறேன்.

போன வாரம் அவளே சொன்னாள். ஊரில் மழை பிடித்துவிட்டதாம். குழியில் இருந்து தூரமாக இருக்கிற கன்றுக்கு இனிமேல் கோடையில் ஊற்றப் போவதில்லையாம். பொழைக்கிறது பொழைக்கும் என்றாள். காலிக் குழி எல்லாவற்றிலும் முருங்கை விதை போட்டுவிட்டாளாம், அகத்தியை இன்னும் இரண்டு வரிசை நீட்டிவிட்டாளாம். வாரம் மூன்று நாள் கீரைக்கட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிறதாம். என் வரிசை கெட்டுப்போயிருக்கும். நல்லது என்றேன்.

பிறகு கேட்டாள்.

"ஆமாண்ணா, பாலை காய்க்க எத்தினி வருஷம் ஆவும்?"

விதையில் இருந்து வந்ததால் பத்துப் பன்னிரண்டு வருடமாவது ஆகும் என்றேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

அந்தப் பக்கம் பேச்சில்லை. நான் காத்திருந்தேன். நிரப்பவில்லை. மழைச் சத்தம் போனில் கேட்டது.

"அப்ப எனக்கு அறுவத்திரெண்டு" என்றாள். "பல்லு இருக்கும்னுதான் நெனைக்கிறேன்."